நாற்பது பேர் பார்த்த மாரடைப்பு

என் இதயம் நன்றாக இருக்கிறது. இரண்டு ஆஸ்பத்திரிகளில், மூன்று தடவை, மார்பில் ஒயர் ஒட்டிப் பார்த்துவிட்டார்கள். ஓட்டப் பந்தயத்துக்கே அனுப்பலாம் போலிருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம், ஆம்பூரிலிருந்து மாதனூர் வரைக்கும் என்னைத் தெரிந்த பாதிப் பேருக்கு நான் ஹார்ட் பேஷன்ட். இன்றைக்கும் சிலர் ரோட்டில் என்னைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டி, "மெதுவா நட அண்ணே" என்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. புரளியைக் கிளப்பியவன் நான்தான்.

எனக்கு வந்தது டிப்ரஷன். ஆஸ்பத்திரி சுவரில் 'மனச்சோர்வு' என்று எழுதியிருந்தார்கள். சோர்வு என்றால் ஒரு டீ அடித்தால் போய்விடும் என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்து ஆறு மாதம் டீ குடித்தேன்.

நான் ஷூ கம்பெனியில் சாம்பிள் கட்டர். புது மாடல் வருகிறது என்றால் முதல் சில ஜோடிகளை மெஷினில் வெட்ட மாட்டார்கள். ஒருவன் தோலை மேஜைமேல் விரித்து, தடவிப் பார்த்து, அளவு அட்டை வைத்து, கத்தி பிடித்துக் கையால் வெட்ட வேண்டும். எங்கள் கம்பெனியில் இருபத்து மூன்று வருஷமாக அந்த ஒருவன் நான். அதோடு, கட்டிங் செக்‌ஷனின் கோமாளியும் நான்தான். அதற்கு யாரும் ஆர்டர் போடவில்லை, நானாக எடுத்துக்கொண்ட பதவி. மேனேஜர் நடப்பது போல் நடந்து காட்டுவேன். பஸ்ஸில் நான் ஏறினால் கடைசி சீட்டு வரைக்கும் சிரிப்பு போகும்.

அந்த பஸ்ஸில்தான் இந்த ஹார்ட் புரளி ஆரம்பித்தது. போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. மாதனூரில் கம்பெனி பஸ் ஏறி, பக்கத்து மேஜைக்காரன் அன்வர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாலம் தாண்டுவதற்குள் நெஞ்சு தடதட என்று அடிக்க ஆரம்பித்தது. கை மரத்துப் போனது. சட்டை நனைந்துவிட்டது. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. முடிந்தது கதை என்று நினைத்து அன்வர் மடியில் சாய்ந்தேன்.

அன்வர் குனிந்து பார்த்து, "இன்னிக்கு நடிப்பு ஜாஸ்திடா" என்றான்.

பஸ்ஸே சிரித்தது. நான் செத்துக்கொண்டிருக்கிறேன், நாற்பது பேர் கைதட்டுகிறார்கள். கோமாளிக்கு இதைவிடப் பொருத்தமான சாவு கிடைக்காது என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. அப்புறம் என் முகத்தின் நிறத்தைப் பார்த்து யாரோ கத்தினார்கள். டிரைவர் கம்பெனி கேட்டைத் தாண்டி நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஷிஃப்டுக்குப் போகவேண்டிய நாற்பது பேரும் டிபன் பையோடு இறங்கி வராந்தாவில் நின்றார்கள்.

உள்ளே ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து டியூட்டி டாக்டர் வந்து, "ஹார்ட்டுல ஒண்ணும் இல்ல. எல்லாம் நார்மல்" என்றார். சந்தோஷப்பட வேண்டியவன், ஏமாந்து போனேன். இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு நார்மல் என்றால் வெளியே போய் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? "இன்னொரு வாட்டி பாருங்க சார், மெஷின்ல ஏதாவது..." என்று கெஞ்சினேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இது பேனிக் அட்டாக் என்றார். தீயே இல்லாமல் கம்பெனியில் அலாரம் அடித்தால் எல்லோரும் மாடியிலிருந்து இறங்கி ஓடுகிறோமே, அது மாதிரி உடம்பு ஆபத்து இல்லாத நேரத்தில் மணி அடித்துவிடுகிறது. நெஞ்சு அடிப்பது, வியர்ப்பது எல்லாம் நிஜம். தீ மட்டும் இல்லை. அப்புறம் கேட்டார்: தூக்கம் எப்படி? சாப்பாடு? வேலையில் பிடிப்பு இருக்கிறதா? எவ்வளவு நாளாக? நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்து, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார். "தள்ளிப் போடாதீங்க" என்றார்.

கடிதத்தை மடித்து டிபன் பைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். நாற்பது முகம்.

"இன்னாடா சொன்னாங்க?" என்றான் அன்வர். அவன் சட்டையில் என் வியர்வை இன்னும் காயவில்லை.

"ஹார்ட்டுதான். கொஞ்சம் பிராப்ளம். வேலூர் போகச் சொல்றாங்க."

இதில் கடைசி வரி மட்டும் உண்மை. ஏன் அப்படிச் சொன்னேன்? ஹார்ட் என்றால் வீட்டுக்கு ஆப்பிள் வரும். மனசு என்றால் பக்கத்து வீட்டுக்காரர் தன் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார். நாற்பது பேரை அரை நாள் நிற்க வைத்தவன் ஒரு மரியாதையான நோயாவது காட்ட வேண்டாமா?

பஸ்ஸில் விழுந்ததற்கு முந்தின அந்த ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதனால் வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பையன் படித்து பெங்களூரில் வேலையில் இருக்கிறான். வீட்டில் சண்டை இல்லை. காரணம் இல்லாமல் எனக்கு எப்படி வரும் என்ற நினைப்பே என்னை டாக்டரிடம் போகவிடவில்லை. சர்க்கரை வியாதிக்காரனிடம் "உனக்கு என்ன குறை, ஏன் சர்க்கரை வந்துது?" என்று யாரும் கேட்பதில்லை என்று பிற்பாடு வேலூர் டாக்டரம்மா சொன்னார்.

விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே முழிப்பு வந்துவிடும். சாப்பாடு அட்டையை மெல்வது போல் இருக்கும். பையன் போனில் பேசினால், எப்போது வைப்பான் என்று காத்திருப்பேன். பஸ்ஸில் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றக் குனிவதற்கே பத்து நிமிஷம் யோசிப்பேன்.

வேலையிலும் தெரிந்தது. குறையில்லாத தோல் கிடையாது. மாடு முள்வேலியில் உரசியிருக்கும், உண்ணி கடித்திருக்கும். அந்த இடத்தில் வெள்ளி நிற மைப் பேனாவால் வட்டம் போட்டு, அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் வெட்டுவதுதான் என் தொழில். ஒரு நாள் மேனேஜர் பாலாஜி சார் என் மேஜைக்கு வந்து நின்றார். "முருகேசன், இதுல வெட்டறதுக்கு எங்க இடம்?" என்றார். அப்போதுதான் பார்க்கிறேன். ஒரு முழுத் தோலிலும் வட்டம். ஒன்றோடு ஒன்று ஒட்டி, கை வைக்க இடமில்லாமல்.

"இது மாடு இல்ல சார், சிறுத்தை" என்றேன். செக்‌ஷனே சிரித்தது. நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடிதத்தைக் கண்டுபிடித்தது என் மனைவி சாந்தி. டிபன் பையைக் கழுவ எடுத்தவள் மடிப்பைப் பிரித்துப் படித்துவிட்டாள். அவளும் வேறொரு கம்பெனியில் தையல் பிரிவில் சூப்பர்வைசர். தையல் அரை நூல் தப்பினாலும் அவள் கண்ணில் பட்டுவிடும்.

"நாளைக்கு லீவு சொல்லிட்டேன். வேலூர் போறோம்" என்றாள்.

"நான் இன்னா பைத்தியமா?"

"பைத்தியமா இருந்தா கல்யாணமான வாரத்துலயே கண்டுபுடிச்சிருப்பேன். இது வேற. கிளம்புங்க."

வேலூர் ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவின் வாசலுக்குப் போகும் வரைக்கும் தலையில் துண்டு போட்டுக்கொண்டேன். உள்ளே காத்திருக்கும் இடத்தில் பார்த்தால் என்னைப் போல் எட்டுப் பேர் துண்டு, முக்காடு, மாஸ்க், தொப்பி. ஒருவரை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்று எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. அவ்வளவு பேர் பார்த்ததில் அதற்கே கூச்சம் வந்து டியூப் லைட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

டாக்டரம்மா சின்ன வயசு. என் பையனைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். இவரைச் சிரிக்க வைத்துவிட்டால் மாத்திரைச் சீட்டு வாங்கிக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"பசி எடுக்குதா?"

"எடுக்குது மேடம். யாருக்குன்னுதான் தெரியல."

சிரித்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"காலைல முழிக்காமலே போய்ட்டா நல்லா இருக்கும்னு தோணியிருக்கா?"

"முழிக்காம போனா கம்பெனி பஸ் போய்டும் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மேஜைமேல் வைத்தார். "அவசரம் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

வெளியே யாரோ இருமுவது கேட்டது. ஃபேன் சுற்றுவது கேட்டது. என் வாழ்க்கையில் என் ஜோக்குக்குப் பிறகு அவ்வளவு நேரம் அமைதியாக இருந்தது அதுதான் முதல் தடவை. சாந்தி என்னைப் பார்க்காமல் தன் கைப்பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோணியிருக்கு" என்றேன்.

"எப்பெல்லாம்?"

"தினமும்."

ஏதாவது செய்துகொள்ளணும் என்று நினைத்தது உண்டா என்று நேராகக் கேட்டார். இல்லை, ஏதும் செய்யணும் என்று இல்லை, இல்லாமல் இருந்தால் தேவலை என்று இருக்கும், அவ்வளவுதான் என்றேன். சொல்லி முடித்ததும் பயந்தபடி கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. டாக்டரம்மா தலையை ஆட்டி, "சொன்னது ரொம்ப நல்லது" என்றார், ஜுரம் எத்தனை டிகிரி என்று சொன்னவனிடம் சொல்வது போல.

சாந்தி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஆறு மாசமா குழம்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல டாக்டர் இவரு. எதுனா குறை சொல்லாம சாப்பிட மாட்டாரு. ரெண்டு நாள் நான் வேணும்னே உப்பு போடாம வச்சேன். ரெண்டு நாளும் தட்டைக் கழுவி வச்சுட்டு எழுந்து போய்ட்டாரு."

எனக்குத் தெரியவே தெரியாது. என் மனைவி எனக்கு டெஸ்ட் எடுத்திருக்கிறாள். ஈசிஜி மெஷினுக்குத் தெரியாததை உப்பு ஜாடியில் கண்டுபிடித்திருக்கிறாள்.

சில நாள் தங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. 'அட்மிட்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் மண்டைக்குள் படம் ஓட ஆரம்பித்தது. இரும்புக் கம்பி, சங்கிலி, வெள்ளைச் சட்டை போட்ட நாலு தடியன்கள். வார்டு நர்ஸிடம் குரலைத் தணித்து, "கதவைப் பூட்டுவீங்களா சிஸ்டர்?" என்றேன்.

"சாயங்காலம் சாத்துவோம். கொசு வருது" என்றார் அவர்.

அறையில் எனக்கொரு கட்டில், சாந்திக்கு ஒரு பெஞ்சு. ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரம், இறகுப் பந்து ஆட ஒரு வலை. கம்பி இருந்தது, துணி காயப் போட. தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்தார்கள். தைராய்டு கம்மியானாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து போவானாம், அதனால் முதலில் அதைப் பார்த்துவிட வேண்டுமாம். எனக்கு அதுவும் நார்மல். என் உடம்பில் கெட்டுப் போனது ஒன்றுகூட இல்லையா என்று எனக்கே பேஜாராகிவிட்டது.

காலையில் ஒரு மாத்திரை. முதல் வாரம் வாய் உலர்ந்தது, வயிற்றைப் பிரட்டியது, மனசு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. "மாத்திரை வேலை செய்யல" என்றேன். குணம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், தொந்தரவு மட்டும் முதலில் வந்துவிடும் என்றார் டாக்டரம்மா. விருந்தாளிக்கு முன்னால் அவர் பெட்டி படுக்கை வந்து கூடத்தை அடைத்துக்கொள்கிற மாதிரி. இது பழக்கமாகிவிடுகிற போதை மாத்திரை இல்லை, ஆனால் நானாக நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவது தடவையும் சொன்னார்.

மாத்திரையோடு ஒரு நோட்டும் கொடுத்தார்கள். காலையில் குளிப்பது, மரத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு நடப்பது, செய்ததை எழுதுவது. "மனசு வந்தா செய்வேன்" என்றேன். "நீங்க செய்ங்க, மனசு பின்னாடி வரும்" என்றார். முதல் நாள் என் நோட்டில் ஒரே வரி: 'குளித்தேன்.' இரண்டாம் நாள்: 'குளித்தேன். சோப்பும் போட்டேன்.' சிரிக்காதீர்கள். அந்த சோப்புக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எதிர் அறையில் நெமிலிப் பக்கத்து விவசாயி ஒருவர், தன் மனைவியோடு. ஒரு வார்த்தை பேச மாட்டார். இவரைச் சிரிக்க வைக்காமல் டிஸ்சார்ஜ் ஆவதில்லை என்று எனக்கு ஒரு வீம்பு. நடை போகும்போது கூடவே போய் ஒன்பது நாள் ஜோக் சொன்னேன். பத்தாவது நாள் அவர் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ கொஞ்சம் கம்மியா பேசினா நானும் ரெண்டு வார்த்தை பேசலாம்னு இருக்கேன்" என்றார். அன்றைக்கு மரத்தைச் சுற்றி ஆறு ரவுண்டு போனோம். அவர்தான் பேசினார். நான் கேட்டேன். என் நோட்டில் அன்றைக்கு அரைப் பக்கம் எழுதினேன்.

இதற்கு நடுவில் எட்டாம் நாள் ஒரு கூத்து. அன்வர் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு, ஆப்பிளும் இளநீருமாக என்னைப் பார்க்க வந்திருக்கிறான். எங்கே? இதய நோய்ப் பிரிவுக்கு. மூன்று மாடி ஏறி இறங்கியிருக்கிறார்கள். கவுண்ட்டரில் என் பெயரே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இருந்த பெயர் இல்லை என்றால் என்ன அர்த்தம்? அன்வர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். அழுதுகொண்டே சாந்திக்கு போன்: "அண்ணி, எப்ப ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லலியே?"

சாந்திக்கு நிலைமை புரிந்தது. அவனை மட்டும் மேலே வரச் சொன்னாள். வந்தவன் என்னைக் கட்டிப் பிடித்தான். "உசுரோட இருக்கியாடா? கீழ உனக்கு அழுதே முடிச்சிட்டேன்டா." அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுக்கு மேல் இருந்த போர்டைப் படித்தான். மெதுவாகப் படித்தான்.

"ஹார்ட்டுன்னு சொன்ன?"

"அதுக்குப் பக்கத்துலதான்டா."

"விளையாடாதடா. கீழ ஆறு பேர் நிக்கறாங்க. அவங்களுக்கு இன்னா சொல்றது?"

உண்மையைச் சொல் என்று சொல்லியிருக்கலாம். பழைய பயம் வந்துவிட்டது. "ஐசியூல இருக்கான், பாக்க விடலன்னு சொல்லு" என்றேன். அன்வர் ஒரு ஆப்பிளை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனான். போய்ச் சொன்னான். தோஸ்த் என்றால் அப்படித்தான். நான் சொன்ன பொய்யைத் தன் தலையில் சுமந்துகொண்டு போனான்.

பதினைந்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். இன்னும் ஒரு மாதம் வீட்டில் இருந்தேன். வாராவாரம் வேலூர். ஒரு நாள் ரசத்தில் புளி ஜாஸ்தி என்று சொல்லிவிட்டேன். சாந்தி கரண்டியோடு அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்றைக்குத்தான் என் பொய்யின் முழு எடையும் தெரிந்தது. ஐசியூ வரைக்கும் போய் வந்தவனை நின்று வேலை செய்யவிடலாமா? பாலாஜி சார் பாசத்தோடு என் மேஜையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு நாற்காலி போட்டிருந்தார். பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. "டென்ஷன் இல்லாத வேலை முருகேசன், ரிட்டயர் ஆகற வரைக்கும் இதுலயே இருங்க" என்றார். யாரும் என்னிடம் உரக்கப் பேசுவதில்லை. சிரித்தால் நெஞ்சு அடைத்துவிடும் என்று ஜோக்குகூடச் சொல்வதில்லை. தண்ணீர் பாட்டிலைத் தூக்கப் போனால் இரண்டு பேர் ஓடி வருவார்கள். உயிரோடு இருக்கிறவனுக்குச் செய்த கருமாதி மாதிரி இருந்தது.

இதுகூடப் பரவாயில்லை. பஸ் சீக்கிரம் வருவதால் மாத்திரையைக் காலை டிபனுக்குப் பிறகு கேன்டீனில் போடுவேன். ஒருவர் வந்து, "எங்க அண்ணனுக்கும் ஹார்ட்டுதான். உனக்கு எந்த மாத்திரை குடுத்திருக்காங்க, காட்டு" என்றார். அட்டையைச் சட்டென்று பைக்குள் தள்ளினேன். மறுநாளும் அவர் எதிரிலேயே உட்கார்ந்தார். அன்றைக்குப் போடவில்லை. அதற்கு மறுநாளும் போடவில்லை. மூன்றாம் நாள் தலை சுற்றியது, ஸ்டிக்கர் ஒட்டும்போது கை வியர்த்தது, நெஞ்சு பஸ்ஸில் அடித்த மாதிரியே அடித்தது.

வீட்டில் சாந்தி மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தாள். திட்டவில்லை. "ஒளிச்சுப் போடற மாத்திரைய ஒரு நாள் விட்டுடுவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "யாருக்குத் தெரிஞ்சா இன்னாங்க? எனக்கு நீங்க வேணும். ஊர்ல பேரு நல்லா இருக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல."

கம்பெனியில் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கேட்டார்கள். அன்வர் ஒரு யோசனை சொன்னான். தெரிந்த கிளினிக் ஒன்றில் ஹார்ட் என்றே எழுதி வாங்கிவிடலாம். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஹார்ட் சர்டிஃபிகேட் கொடுத்தால் சாகும் வரைக்கும் ஸ்டிக்கர். மாத்திரையைத் திருட்டுத்தனமாகப் போட வேண்டும், ஒரு நாள் விட்டுவிடுவேன். உண்மையான சர்டிஃபிகேட் கொடுத்தால், மனநலப் பிரிவில் இருந்து வந்தவன் கையில் யார் கத்தி கொடுப்பார்கள்?

வேலூருக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். "மேடம், ஹார்ட்டுன்னு ஒரு வரி..."

"நான் ஹார்ட் பாக்கறதில்ல" என்றார். "நோய் பேரே போடாம, வேலைக்குத் தகுதியா இருக்கீங்கன்னு மட்டும் எழுதித் தரேன். உங்க நோய் என்னன்னு சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா தாள்ல எங்க பிரிவோட பேர் அச்சடிச்சிருக்கும்." கத்தி வேலை என்றேன். "தெரியும். இப்ப நீங்க செய்யலாம். யாராவது கேட்டா, உங்க சம்மதத்தோட நானே பேசறேன்."

அந்தத் தாளை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பாலாஜி சார் மேஜைமேல் வைத்தேன். அவர் படித்தார். தலைப்பை மறுபடியும் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அப்ப ஹார்ட்?"

"இல்ல சார். பொய். டிப்ரஷன்."

"முருகேசன், இது கத்தி வேலை. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

என் வாயில் மூன்று ஜோக் வரிசையாக வந்து நின்றன. மூன்றும் நல்ல ஜோக். முழுங்கிவிட்டேன்.

"சார், முடியாம இருந்த ஆறு மாசமும் கத்தி என் கையிலதான் இருந்துது. அப்ப எனக்கு இன்னான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இப்ப டாக்டர் பாக்கறாங்க, என் பொண்டாட்டி பாக்கறா, நீங்களும் தெரிஞ்சுக்கிட்டீங்க. இதுல எந்த முருகேசனைப் பாத்து சார் பயப்படணும்?"

அவர் பேனாவை எடுத்தார். டாக்டரம்மாவின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "மேல பேசணும். நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

எப்படியும் வெளியே வந்துவிடும். அன்றைக்கே டீ நேரத்தில் செக்‌ஷனில் நானே சொன்னேன். இது ஒரு நோய், பெயர் டிப்ரஷன், ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் இருந்தேன், மாத்திரை சாப்பிடுகிறேன், ஐசியூ பொய். டீ குடிக்க வந்திருந்த பஸ் டிரைவர்தான் முதலில் பேசினார். தொப்பியைக் கழற்றினார். உள்ளே மொட்டை.

"அப்ப உன் ஹார்ட்டுக்கு நான் வேண்டிக்கிட்டு முடி குடுத்தது?"

"சாமிய மனசு கணக்குல வச்சுக்கச் சொல்லுங்கண்ணே" என்றேன். அவர் கொஞ்ச நேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்தார். எல்லோரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் கிளாஸை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்கள். நிற்கட்டும். நானும் ஒரு காலத்தில் அப்படி நின்றவன்தான்.

மறுநாள் என் மேஜை எனக்குக் கிடைத்தது. ஒரு நிபந்தனையோடு: இரண்டு மாதத்துக்கு, ஷிஃப்ட் முடிந்ததும் கத்தியை ஸ்டோரில் ஒப்படைத்துவிட வேண்டும். வேறு யாருக்கும் அந்தச் சட்டம் இல்லை. சுருக்கென்றது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். மாத்திரையை இப்போது கேன்டீனில் எல்லோர் எதிரிலும் அட்டையோடு மேஜைமேல் வைத்துப் போடுகிறேன். ஒரு நாள்கூட விடவில்லை. உங்களுக்கும் சாப்பாடு அட்டை மாதிரி இருந்தால், விடிவதற்கு முன்னால் முழிப்பு வந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், என்னைப் போல் ஆறு மாதம் டீ குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். டாக்டரிடம் போங்கள். அவர் எதைக் கேட்டாலும், அந்த ஒரு அரை மணி நேரம் மட்டும், ஜோக் அடிக்காதீர்கள்.

உண்மை தெரிந்த பிறகும் செக்‌ஷனில் கொஞ்ச நாள் எல்லோரும் என்னிடம் பூப்போலத்தான் பேசினார்கள். அன்வர்கூட "எடுத்துக்கடா", "பரவால்லடா" என்றே இருந்தான். மேஜை கிடைத்த ஐந்தாம் நாள், அவன் தன் ஆர்டர் ஷூவின் முன்பக்கத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு நல்ல தோலின் நடுப்பகுதியில், பேச்சு சுவாரசியத்தில் நான் இரண்டு துண்டு வெட்டிவிட்டேன்.

"டேய்! கண்ணு இன்னா பின்மண்டைலயா இருக்கு?" என்று கத்தினான். மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "காலைலேர்ந்து பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வச்சா, எவன் வீட்டுத் தோலுன்னு நெனச்ச? இருபத்து மூணு வருஷமா இதே வேலையா உனக்கு?"

சொன்னவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். செக்‌ஷன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாலாஜி சார் கண்ணாடி அறையில் எழுந்து நின்றார்.

"ஏன்டா நிறுத்திட்ட?" என்றேன். "திட்டு."

"திட்டலாமா?"

"தாராளமா."

அவன் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துத் திட்டினான். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அவன் முடிக்கும் வரைக்கும் நின்று கேட்டேன். முடித்தான்.

அடுத்து என் முறை.